நகராத புள்ளி

1. மாடி அறை

இருபத்தேழு வருடம் டெலஸ்கோப்போடு வேலை பார்த்தேன். அதில் கடைசி மூன்று வருடம் டெலஸ்கோப் ஓரிடத்தில் இருந்தது, நான் வேறிடத்தில் இருந்தேன். அது ஜவ்வாது மலையின் தெற்குச் சரிவில், தகரக் கூரை போட்ட கொட்டகைக்குள். நான் திருவண்ணாமலை வேங்கிக்காலில், ஒரு வீட்டு மாடியில். நடுவில் நாற்பது கிலோமீட்டர். இங்கே நான் ஒரு பட்டனை அழுத்தினால் அங்கே கூரை நகர்ந்து திறக்கும். முதல் சில வாரங்கள் அதை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வரும்.

முதல் நாள் ஹேமா மேடம் பெங்களூரிலிருந்து வந்து வேலையைச் சொல்லிக்கொடுத்தார். திட்டத்தின் தலைவர் அவர்தான். என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னைவிட நூறு மடங்கு வேகமாகப் பேசுவார்.

"வசந்தா, இது மத்த அப்சர்வேஷன் மாதிரி இல்ல. எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. வந்துட்டா ரெண்டு நிமிஷத்துல டெலஸ்கோப் அங்க திரும்பியிருக்கணும். டீ குடிச்சுட்டு வர்றேன்னு போனா முடிஞ்சுது."

வருவது எது என்பதை, இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கோ வெகு தொலைவில் ஒரு பெரிய நட்சத்திரம் செத்து வெடிக்கும்போது காமாக்கதிர் சில வினாடிகள் பளிச்சென்று அடிக்கும். நாங்கள் அதை பர்ஸ்ட் என்போம். காமாக்கதிர் நம் கண்ணுக்குத் தெரியாது. பூமிக்கு மேலே சுற்றும் சாட்டிலைட் அதைப் பிடித்து, உலகத்தில் இருக்கும் டெலஸ்கோப்புகளுக்கெல்லாம் அலர்ட் அனுப்பும். வெடித்த இடத்தில் அதன்பிறகு சாதாரண வெளிச்சம் கொஞ்ச நேரம் மிச்சம் நிற்கும். அதுதான் பின்னொளி. நிமிடத்துக்கு நிமிடம் மங்கிக்கொண்டே போகும். மங்குவதற்குள் நாங்கள் இடத்தைச் சொல்லிவிட்டால், எங்காவது ஒரு பெரிய டெலஸ்கோப் அங்கே திரும்பி, அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்து, எவ்வளவு தொலைவிலிருந்து வந்தது என்று கணக்குப் போடும். மங்கிவிட்டால் கணக்கும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஒரு சிக்கல் உண்டு. சாட்டிலைட் முதலில் சரியான புள்ளியைச் சொல்லாது, ஒரு சின்ன வட்டத்தைத்தான் சொல்லும். வட்டத்துக்குள் நூறு நட்சத்திரங்கள் இருக்கும். பழைய படத்தில் இல்லாத ஒன்று இன்றைய படத்தில் இருக்க வேண்டும், அது மங்கவும் வேண்டும். அப்படி ஒன்றைத்தான் நான் மூன்று வருடமாகத் தேடினேன். பதினொரு தடவை அலர்ட் வந்து பதினொரு தடவையும் ஏமாந்தேன். ஒரு தடவை மேகம், ஒரு தடவை கூரையின் தண்டவாளத்தில் அணில் கட்டிய கூடு, மற்ற தடவைகளில் நன்றாகப் பார்த்தும் ஒன்றுமே இல்லை.

பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தால் ஒரு கட்டத்தில் எது தூக்கம், எது விழிப்பு என்பதே கலங்கிப்போகும். சில விடியற்காலைகளில் மாடிக் கைப்பிடிச் சுவரோரம் நின்று அண்ணாமலையைப் பார்ப்பேன். பனியில் அதன் அடிப்பாகம் தெரியாது, உச்சி மட்டும் தனியாக மிதக்கும். திரையில் பார்த்த நட்சத்திரங்கள் கண்ணுக்குள் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் பதினொரு ஏமாற்றமும் ஒரு பொருட்டாகத் தெரியாது. பன்னிரண்டாவது வரும் என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுப்பேன்.

2. ஏழுமலை அண்ணாவின் கேள்வி

கீழ்வீட்டில் வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணாவும் அவர் மனைவி மங்கை அண்ணியும் இருந்தார்கள். அண்ணாவுக்கு அடி அண்ணாமலை கிராமத்தில் நிலம். அதில் பாதியை விற்று இந்த வீட்டைக் கட்டியிருந்தார். என் வேலை அவருக்கு நன்றாகவே விளங்கியது, மரியாதைதான் வரவில்லை.

"அது வெடிச்சது எப்போ?"

"பல நூறு கோடி வருஷம் முன்னாடி இருக்கும் அண்ணா."

"அத்தப் பார்க்கத்தான் டீ கூட குடிக்காம மாடிக்கு ஓடறியா?"

"ஆமாம்."

"அவ்ளோ வருஷம் பொறுத்துச்சே, ஒரு டீ குடிக்கற வரைக்கும் பொறுக்காதா?"

அதற்குள் நான் பாதிப் படி ஏறியிருப்பேன்.

அந்த வருடம் ஐப்பசி மழையில் வரப்பில் வழுக்கி விழுந்து அண்ணாவுக்குத் தொடை எலும்பு முறிந்தது. பிளேட் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது. நாற்பது வருடமாகக் கார்த்திகை தீபத்தன்று மலை சுற்றாமல் இருந்தவர் அல்லர் அவர். இந்த வருடம் மாடிக்கு ஏறி மலையைப் பார்க்கக்கூட வழியில்லை. கட்டிலுக்கு நேரே இருந்த ஜன்னலில் எதிர்ப் பக்கம் புதிதாக எழும்பிய அபார்ட்மெண்ட்தான் தெரிந்தது.

தீபத்துக்கு முந்தின நாள் சும்மா ஆறுதலுக்கு, "டிவியில நேரா காட்டுவாங்களே அண்ணா" என்றேன்.

"டிவில தீபம் கம்மி, பேசறவங்கதான் ஜாஸ்தி." கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா வசந்தா, எங்கியோ எரிஞ்சு அணைஞ்சதெல்லாம் உன் கண்ணாடில தெரியுது. நம்ம மலை மேல எரியறது தெரியாதா?"

கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தெரியும். கொட்டகை இருந்த சரிவு தெற்கே திருவண்ணாமலையைப் பார்த்தது. ஆனால் டெலஸ்கோப் அவ்வளவு கீழே இறங்காதபடி சாஃப்ட்வேரில் ஒரு லிமிட் வைத்திருந்தோம். அதை எடுப்பதற்கு ஹேமா மேடத்திடம் கேட்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பார். ஆகவே நான் கேட்கவில்லை. பௌர்ணமி வெளிச்சத்தில் எங்களுக்கு எப்படியும் வேலை குறைவு, பத்து நிமிடத்தில் பழையபடி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

3. ஆடுகிற சுடர்

தீபத்தன்று மத்தியானமே மழை விட்டுவிட்டது. ஆறு மணிக்கு உச்சியில் தீபம் ஏறியதும் ஊரே ஒரே குரலில் எழுப்பிய முழக்கம் வேங்கிக்கால்வரை வந்தது. வீட்டு வாசல்களில் எல்லாம் அகல் எரிந்தது. மங்கை அண்ணி மாடிப்படிக்கு ஒன்றாக எனக்கும் வரிசை வைத்திருந்தார். கிழக்கே நிலா எழும்பிக்கொண்டிருந்தது. வானம் கருநீலத்துக்கு மாறும்வரை காத்திருந்தேன்.

ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் லிமிட்டை எடுத்தேன், கொட்டகையின் தெற்குப் பக்கத் தடுப்பைக் கீழே மடக்கினேன், டெலஸ்கோப்பை மலையுச்சிக்கு இறக்கினேன். முதல் ஃப்ரேம் வெறும் வெள்ளையாக வந்தது. நட்சத்திரங்களுக்காக வைத்திருந்த அறுபது வினாடி எக்ஸ்போஷரை நான் மாற்ற மறந்திருந்தேன். வினாடியில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்ததும் சுடர் வந்தது. அதை ஃப்ரேமின் நட்டநடுவுக்குக் கொண்டுவந்து, விட்டுவிட்டுப் படம் எடுக்கச் சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன்.

நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து பார்த்தால் அண்ணாமலைத் தீபம் ஒரு சின்னச் சுடர்தான். ஒவ்வொரு படத்திலும் அது கொஞ்சம் வளைந்து, கொஞ்சம் நிமிர்ந்து, வேறு வேறு மாதிரி இருந்தது.

"ஆடுதும்மா" என்றார் அண்ணா. படுத்தபடியே கை குவித்தார். கண்ணின் ஓரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது, அவர் துடைக்கவில்லை. அண்ணி ஒரு பொரி உருண்டையை என் கையில் வைத்தார். நாங்கள் மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் வேலையில் நான் யாருக்காவது எதையாவது காட்டி அவர் அழுதது அதுதான் முதல் தடவை.

அப்போது லேப்டாப் அலறியது. மணி ஆறு ஐம்பத்திரண்டு. அலர்ட்.

4. பன்னிரண்டாவது

பொரி உருண்டையோடு மாடிக்கு ஓடினேன். லிமிட்டைத் திரும்ப வைத்தேன். டெலஸ்கோப் மலையுச்சியிலிருந்து எழுந்து, ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே போய் நின்றது. ஆறு ஐம்பத்தைந்துக்கு முதல் ஃப்ரேம் வந்தது, அதன்பிறகு இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று. சாட்டிலைட்டின் எக்ஸ்ரே கருவி அந்த இடத்தைப் பார்க்க முடியாமல் பூமி மறைத்துக்கொண்டிருந்ததால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வட்டம் மட்டும்தான் கிடைக்கும் என்று செய்தி வந்திருந்தது. அதுவரை தேட வேண்டியவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான்.

பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தேன். வட்டத்தின் நடுவுக்கு அருகில், பழைய படத்தில் இல்லாத ஒரு புள்ளி இருந்தது.

இரண்டாவது ஃப்ரேம். இருந்தது. மூன்றாவதில் கொஞ்சம் மங்கியிருந்தது, நான்காவதில் இன்னும் கொஞ்சம். மற்ற நட்சத்திரங்களைவிட லேசாகப் பருத்திருந்தது. மெல்லிய மேகம் ஏதாவது கடந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று வருடமாகத் தேடியது வந்துவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியைவிட்டு எழுந்து நின்றேன், எதற்கு எழுந்தேன் என்று தெரியாமல் உட்கார்ந்தேன்.

படங்களை ஹேமா மேடத்துக்கு அனுப்பினேன். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது.

"ஆமா வசந்தா, இருக்கு, மங்குது! சர்க்குலர் அனுப்பிட்டேன். வடக்கே பெரிய டெலஸ்கோப்புக்கு ஓவர்ரைடும் கேட்டுட்டேன், ஏழே முக்காலுக்குத் திருப்பறாங்க. அங்க ஒருத்தங்க ஒரு வருஷமா காத்துட்டிருந்து இன்னைக்கு எட்டு மணிக்கு ஒரு இரட்டை நட்சத்திர கிரகணம் எடுக்க உட்கார்ந்திருக்காங்க. அவங்க நேரத்தைத்தான் நாம பிடுங்கறோம். பாவமா இருக்கு, ஆனா இது காத்திருக்காதே. நான் ஆபீசுக்குக் கிளம்பறேன், கார்ல இருப்பேன். ஏதாவதுன்னா ஃபோன் பண்ணுங்க."

சர்க்குலர் என்பது உலகத்து வானியல்காரர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போகும் கடிதம். அதில் என் பெயரும் இருந்தது. இரண்டு தடவை படித்தேன்.

5. பதினோராவது ஃப்ரேம்

எங்கள் வழக்கம் இது. முதல் பத்து ஃப்ரேமில் டெலஸ்கோப்பை அசைக்க மாட்டோம், நேரம் வீணாகும். பதினோராவதிலிருந்து ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அதைக் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி நிறுத்துவோம். நட்சத்திரங்கள் எல்லாம் திரையில் அந்த அளவுக்கு இடம் மாறும். கேமரா சிப்பில் ஏதாவது கறை இருந்தால் அது மட்டும் மாறாது. வானத்தில் இருப்பது எது, கேமராவில் இருப்பது எது என்று பிரிக்க இதுதான் வழி.

பதினோராவது ஃப்ரேம் ஏழு இருபதுக்கு வந்தது. நட்சத்திரங்கள் எல்லாம் இடப்பக்கம் நகர்ந்திருந்தன. என் புள்ளி நகரவில்லை.

பன்னிரண்டாவதில் நட்சத்திரங்கள் மேலே போயின. என் புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது. அதே பிக்சல் எண்.

கறை மங்காதே, இது ஏன் மங்குகிறது என்று கொஞ்ச நேரம் புரியாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு அன்று மாலையின் முதல் படத்தைத் திறந்தேன், அந்த வெறும் வெள்ளைப் படத்தை. திரையில் பிரகாசத்தை இறக்கியதும் வெள்ளையின் நடுவுக்கு அருகில் சுடர் நின்ற இடம் தெரிந்தது, அதன் பிக்சல் எண்ணைப் பார்த்தேன். இரண்டும் ஒன்று.

பல்பை உற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் உள்ளே வெளிச்சம் நிற்கும் இல்லையா, கேமரா சிப்பும் அப்படித்தான். அளவுக்கு மீறி வெளிச்சம் பட்டால் உடனே மறக்காது. கொஞ்சம் கொஞ்சமாக மறக்கும். நான் ஊருக்கெல்லாம் அறிவித்த பின்னொளி அண்ணாமலைத் தீபத்தின் மிச்சம்.

அடுத்து என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். பேசாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். ஏழே முக்காலுக்குப் பெரிய டெலஸ்கோப் திரும்பும், அங்கே ஒன்றும் இருக்காது, அதற்குள் மங்கிவிட்டது என்று எழுதுவார்கள். பின்னொளி மங்குவதுதானே வழக்கம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கண்டுபிடித்தவள் என்று என் பெயர் நின்றுவிடும். ரிட்டயர் ஆக ஏழு மாதம் இருந்தது. லிமிட்டை எடுத்ததும் வெளியே வராது. ஜன்னலுக்கு வெளியே நிலா நன்றாக மேலே வந்திருந்தது, மலை உச்சியில் தீபம் அமைதியாக எரிந்தது. அந்த ஐந்தாறு நிமிடம் நான் வேறு யாருடைய வாழ்க்கையையோ வேடிக்கை பார்ப்பவளாக உட்கார்ந்திருந்தேன்.

வடக்கே குளிரில் எட்டு மணிக்காக ஒரு வருடம் காத்திருந்தவரின் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எழுந்தேன்.

6. கட்டிலோரத்து ஃபோன்

செல்ஃபோனில் லைன் கிடைக்கவில்லை. தீபத்தன்று ஊருக்குள் லட்சக்கணக்கில் ஜனம், எல்லார் கையிலும் ஃபோன். மேடம் காரில் இருந்ததால் மெயிலையும் பார்க்க மாட்டார். நெட் கனெக்‌ஷனோடு சும்மா கொடுத்த லேண்ட்லைன் ஒன்று கீழே இருந்தது, ஏழுமலை அண்ணாவின் கட்டிலுக்கு அருகில். கீழே போனபோது மணி ஏழு முப்பது.

"என்னாம்மா, கிடைச்சுதா?" என்று கேட்டார் அண்ணா. முகம் முழுக்கச் சிரிப்பு. நான் தலையை ஆட்டினேன், ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளும்படி. நம்பரைப் போட்டேன்.

"மேடம், ஓவர்ரைடை நிறுத்துங்க. அது பின்னொளி இல்ல. சிப்புல நின்ன மிச்சம்."

"எதோட மிச்சம்? அதுக்கு முன்னாடி எதுவும் ஷெட்யூல்ல இல்லியே."

"ஒரு லைட்டைப் பார்த்தேன் மேடம். அறுபது செகண்ட் எக்ஸ்போஷர், தெரியாம."

"எந்த லைட்டு?"

அண்ணா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டிவி சத்தத்தை அண்ணி குறைத்துவிட்டிருந்தார்.

"தீபம் மேடம். மலை மேல ஏத்தற தீபம். லிமிட்டை எடுத்துட்டு இறக்கினேன்."

அந்தப் பக்கம் கார் இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஓரமாக நிறுத்துகிறார் என்று புரிந்தது.

"நிறுத்தச் சொல்றேன்" என்றார். "வாபஸ் சர்க்குலரை நீங்க எழுதுங்க, என் பேர்லயும் போடுங்க. கருவிக் கோளாறுன்னு மொட்டையா எழுதாதீங்க. நம்பாம நாலு பேர் இன்னும் அங்கியே பார்த்துட்டிருப்பாங்க. என்னன்னு தெளிவா எழுதுங்க."

"சரி மேடம்."

"லிமிட்டைப் பத்தி நாளைக்குப் பேசலாம்."

ஃபோனை வைத்தேன். அண்ணாவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நான் கேட்டதாலதானே?"

"இல்ல அண்ணா. லிமிட்டை எடுத்தது நான். எக்ஸ்போஷரைப் பார்க்காம விட்டதும் நான்."

"வேலைக்கு ஒண்ணும் ஆவாதே?"

"ஆவாது" என்றேன். அது அப்போது எனக்குத் தெரியாது. (வேலை போகவில்லை. மறுநாள் மேடத்திடம் வாங்கிய திட்டை மட்டும் இங்கே எழுதுவதாக இல்லை.)

மாடிக்கு ஏறி எழுதினேன். முதல் ஃப்ரேமுக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் ஒரு மலையுச்சித் தீபத்தை எடுத்த படத்தின் மிச்சம் இது, இரண்டின் பிக்சல் எண்களும் இவை, முந்தைய அறிவிப்பை வாபஸ் வாங்குகிறோம். எதிர்பார்த்ததுபோலவே ஐரோப்பாவிலிருந்து ஒருவர், "நிச்சயம்தானா? பின்னொளி மங்குகிற மாதிரியேதானே மங்குகிறது" என்று கேட்டு எழுதினார். அவருக்குத் தீபத்தின் படத்தையே அனுப்பிவைத்தேன். நன்றி சொல்லி, அழகாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தார்.

எட்டு மணிக்கு வடக்கே கிரகணத்தைப் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. நிம்மதியாக மூச்சுவிட்டேன். அன்றைய கதை அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

7. தூரம்

எட்டே காலுக்குப் பிறகு சாட்டிலைட்டின் எக்ஸ்ரே கருவிக்கு வானம் தெரிந்தது. சரியான இடம் வந்தது. வட்டத்தின் ஓரத்தில், பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை ஒட்டினாற்போல.

ஆறு ஐம்பத்தைந்தின் முதல் ஃப்ரேமைத் திறந்தேன். அந்த இடத்தைப் பெரிதாக்கினேன். பக்கத்து நட்சத்திரத்தின் வெளிச்சத்தைக் கழித்தேன்.

இருந்தது. தெளிவாக இருந்தது. இரண்டாவது ஃப்ரேமிலும் மூன்றாவதிலும் இருந்தது. பத்தாவதில் தேட வேண்டியிருந்தது. பதினைந்தாவதில் இல்லை. எனக்கு வேண்டியது என் திரையிலேயே கால் மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கிறது. நடுவில் ஒன்று கிடைத்த சந்தோஷத்தில் நான் ஓரத்தைப் பார்க்கவே இல்லை. ஓவர்ரைடு கேட்டது சரி, கொடுத்த இடம்தான் தப்பு. அன்று ஏழே முக்காலுக்குப் பெரிய டெலஸ்கோப் ஓரத்துக்குத் திரும்பியிருந்தால் ஒளி போதுமான அளவு மிச்சம் இருந்திருக்கும். கிரகணம் முடிந்து ஒன்பது மணிக்கு அது திரும்பிப் பார்த்தபோது பிரிப்பதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்றிரவு அழுதேன். எங்கள் முதல் ஃப்ரேம்கள் வீணாகவில்லை. அந்த பர்ஸ்ட்டின் பின்னொளி எப்படி மங்கியது என்பதற்கு முதல் சில நிமிடங்களின் அளவு வேறு யாரிடமும் இல்லை. பின்னால் வந்த கட்டுரையில் என் பெயரும் இருக்கிறது. ஆனால் தூரம் கிடைக்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கேமராவை இருட்டில் வைத்திருங்கள், லிமிட்டில் கை வைக்காதீர்கள் என்பதையெல்லாம் உங்கள் மேடம்கள் சொல்லிக்கொடுப்பார்கள். வட்டத்துக்குள் ஒன்று கிடைத்த பிறகும் மிச்ச வட்டத்தைப் பார்த்து முடியுங்கள். கிடைக்காதபோது தேடுவது எளிது. சந்தோஷம் வந்தபிறகு தேடுவதுதான் கஷ்டம்.

மறுநாள் காலையில் கீழே போனபோது ஏழுமலை அண்ணா விழித்திருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். ஓரத்தில் இருந்ததையும் சொன்னேன். இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை, கவனமாகக் கேட்டார்.

"நம்ம தீபம் உன் கண்ணாடிக்கு நாப்பது கிலோமீட்டரு" என்றார். "அது எவ்ளோ தூரம்மா?"

மூன்று வருடத்தில் அவர் கேட்ட கேள்விகளிலேயே அதுதான் சரியான கேள்வி. நாங்கள் எல்லாரும் ராத்திரி விழித்திருப்பதே அதற்குப் பதில் சொல்லத்தான்.

"தெரியாது அண்ணா" என்றேன். "இனிமே யாருக்கும் தெரியாது."